காந்தக் காலில் நிற்கும் சிப்பாய்கள்

பெருவிரல் நகத்தின் மேல் நிற்கவைக்கக்கூடிய ஒரு சிப்பாய். உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். தலை வேறு, கை வேறு, துப்பாக்கி வேறாக ஒரு பிளாஸ்ரிக் சட்டத்தில் வார்க்கப்பட்டுப் பெட்டியில் வருகிறான். வாங்கியவர் பாகங்களை வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் தீட்டி, இன்னொருவருடைய படைக்கு எதிரே மேசையில் நிறுத்துகிறார். அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்துகிறார். யார் வீழ்ந்தார், யார் தப்பினார் என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் வளரும் எங்கள் பிள்ளைகள் சிலரும் இந்த விளையாட்டில் மூழ்கியிருக்கிறார்கள். பெற்றோருக்கு இது காசைக் கரியாக்கும் வேலையாகத் தெரிகிறது. பெட்டி ஒன்றின் விலையைக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் இந்தச் சிறிய உருவத்துக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் எமது துணைக்கண்டத்தில். நடுப்பகுதி பிரஷ்யப் படைத் தலைமையகத்தில். அண்மைக் காலம் ஆங்கிலேயரின் விளையாட்டு அறைகளில். அந்த வரலாற்றைத் தெல்லிப்பழையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. ஒரு கட்டத்தில் விளையாட்டுப் பலகைக்கு நிலம் வந்து சேர்ந்தது. அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் வந்து சேரவில்லை.

சதுரங்கத்திலிருந்து தொடங்குவோம். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையே அதன் பெயர். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் உருப்பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் இவ்விளையாட்டு பற்றிய குறிப்பு வருகிறது. பாரசீகத்துக்குப் போய்ச் சத்ரங் ஆகி, அரபியரிடம் ஷத்ரஞ் ஆகி, அங்கிருந்து ஐரோப்பா சென்றது. தமிழகத்தில் நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூரில் சிவபெருமானே சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரில் எழுந்தருளியிருக்கிறார். சதுரங்கத்தில் எவராலும் வெல்லப்படாத இளவரசியை ஆட்டத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். திண்ணைகளிலும் கோயிற் கற்றளங்களிலும் கோடு கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டமும் ஒரு வகையில் போர் விளையாட்டுத்தான். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். இரு தரப்பின் பலமும் ஒன்றல்ல, இலக்கும் ஒன்றல்ல. சமபலமுள்ள இரு படைகள் மட்டுமே மோதும் சதுரங்கத்தைவிட, சமனற்ற போர்களை விளங்கிக்கொள்ள ஆடுபுலி ஆட்டமே உதவும் என்பது என் துணிபு.

இந்தப் பலகைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. அறுபத்துநான்கு கட்டங்களும் ஒன்றுபோலவே இருக்கும். மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஊர் இல்லை. சீனச் சதுரங்கத்தில் மட்டும் நடுவே ஓர் ஆறு ஓடும். போர் என்பது இரு அரசர்களுக்கிடையே வெறுமையான ஒரு வெளியில் நடப்பது என்ற எண்ணத்தையே இப்பலகைகள் சொல்கின்றன.

அந்த வெறுமையில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியவர்கள் ஜேர்மானியர். 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கணித ஆசிரியர் ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு வெவ்வேறு நிறமிட்டு, இது மலை, இது சதுப்பு, இது நீர் என்று வகுத்தார். அவருக்குப் பின் 1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு ஒரு விசித்திரமான மேசை பரிசாகக் கிடைத்தது. செய்தவர் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு. நிலத்தோற்றத்தைச் சிறு சிறு சதுர வில்லைகளாக வார்த்து, விரும்பியபடி அடுக்கி, வேண்டிய போர்க்களத்தை அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மன்னரும் இளவரசர்களும் அதில் ஆடினார்கள். அரண்மனைப் பொழுதுபோக்காகவே அது நின்றுவிட்டிருக்கக்கூடும்.

அதைப் படையினரின் கருவியாக மாற்றியவர் ரைஸ்விட்ஸின் மகன். பிரஷ்யப் பீரங்கிப் படையில் இளநிலை அதிகாரி. 1824இல் அவர் வெளியிட்ட விதிநூல் கட்டங்களையே கைவிட்டது. அவற்றுக்குப் பதிலாக 1:8000 என்ற அளவில் வரையப்பட்ட உண்மையான நிலப்படம் மேசையில் விரிந்தது. ஒரு கிலோமீற்றர் பன்னிரண்டரை சென்ரிமீற்றர் ஆகும் அளவு அது. எமது வாசகர்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், யாழ்ப்பாண நகரிலிருந்து தெல்லிப்பழை ஊடாகக் காங்கேசன்துறை செல்லும் சுமார் 18 கிலோமீற்றர் வீதி இரண்டேகால் மீற்றருக்குள் அடங்கிவிடும். ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசை போதும்.

படைகள் சிவப்பு, நீலம் என்ற இரு நிறச் சிறு உலோகத் துண்டுகள். ஒரு முறை நகர்த்துவது போர்க்களத்தின் இரண்டு நிமிடத்துக்குச் சமம். இரு தரப்பும் ஒருவரையொருவர் முழுமையாகப் பார்க்க முடியாது. நடுவர் ஒருவர் மட்டுமே யாவற்றையும் அறிவார். கட்டளைகளை எழுத்தில் பெற்று, பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு இழப்பைக் கணக்கிட்டு, தளபதிக்கு எட்டக்கூடிய செய்தியை மட்டும் எட்டவிடுவார். எதிரி எங்கே நிற்கிறான் என்று அறியாமலே முடிவெடுக்க வேண்டிய நிலையை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது அவருடைய பெரிய சாதனை. ஆட்டத்தைக் காண வந்த படைத் தலைமை அதிகாரி மியூஃப்லிங் முதலில் அசட்டையாக இருந்தார் என்றும், முடிவில் இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று வியந்து படை முழுவதற்கும் பரிந்துரைத்தார் என்றும் சொல்வார்கள். கண்டுபிடித்தவருக்கோ நல்ல காலம் வாய்க்கவில்லை. இளைய ரைஸ்விட்ஸ் 1827இல் தற்கொலை செய்துகொண்டார். 1870-71இல் பிரஷ்யா பிரான்சை வீழ்த்திய பின்னர் உலகின் ஏனைய படைகளும் அவருடைய விளையாட்டைத் தேடிப் படித்தன.

அந்த நிலப்படத்தில் கிராமங்கள் இருந்தன. துல்லியமாகவே வரையப்பட்டிருந்தன. ஆனால் விளையாட்டில் ஒரு கிராமம் என்பது மறைவிடம். எதிரியின் வேகத்தைக் குறைக்கும் தடை. அந்த இரண்டு நிமிடங்களில் அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் எங்கே ஓடினாள் என்று கணிக்கப் பகடை உருட்டப்படுவதில்லை.

இத்தகைய ஆட்டங்கள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 1942இல் லிவர்பூலில் கில்பேர்ட் றொபேர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவருக்குக் கீழ் பணியாற்றிய இளம் பெண்களும் தரையில் கட்டம் கீறி, சின்னஞ்சிறு கப்பல் உருக்களை நகர்த்தி, ஜேர்மன் நீர்மூழ்கிகள் எவ்வாறு கப்பல் தொடர்களுக்குள் நுழைகின்றன என்று கண்டறிந்தார்கள். அதனால் அத்திலாந்திக் கடலில் பல உயிர்கள் தப்பின. அதே ஆண்டில் ஜப்பானியர் ஆடிய ஆட்டத்தின் கதை வேறு. மிட்வே தாக்குதலுக்கு முன்னர் நடத்திய ஒத்திகையில் பகடை விழுந்தபடி இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. தலைமை நடுவர் உகாக்கி, விழுந்த ஒன்பது குண்டுகளை மூன்றாகக் குறைத்துக் கப்பலை மிதக்கவைத்தார் என்று மிட்சுவோ ஃபுச்சிதா எழுதியிருக்கிறார். இந்த ஃபுச்சிதா எமக்கு அந்நியர் அல்லர். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பின் மீது குண்டுவீச வந்த விமானங்களை வழிநடத்தியவர் அவரே. கொழும்பையும் நான்கு நாட்களின் பின் திருகோணமலையையும் தாக்கிய கப்பற் தொகுதியின் விமானந்தாங்கிகளில் மூன்று, ஜூனில் மிட்வேயில் உண்மையாகவே மூழ்கின. எங்களுக்கு அயலிலுள்ள பலாலியில் பிரித்தானியர் விமான ஓடுபாதை அமைத்ததும் அந்த உலகப் போர்க் காலத்தில்தான். அந்த ஓடுபாதைக்கு மறுபடியும் வருவோம்.

இனி பொம்மைகள். ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்தார்கள். 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே குழிவான ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தபோது ஈயம் மிச்சமாயிற்று, விலை இறங்கிற்று, நடுத்தர வர்க்கத்துச் சிறுவர்களுக்கும் ஒரு படை கிடைத்தது. இந்தியக் குதிரைப் படையினரும் தலைப்பாகையோடு அந்தப் பெட்டிகளில் இருந்தார்கள். பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் 1880களில் தாவோசில் நோய் தீர்க்கத் தங்கியிருந்தபோது தன் வளர்ப்பு மகனோடு மேன்மாடத் தரையில் படுத்துக்கொண்டு போர் நடத்தினார். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலையே எழுதினார். சுருள்வில் பூட்டிய பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு, வீழ்ந்த சிப்பாயை எடுத்து ஒதுக்குவது அவருடைய முறை. போர்வெறியர்கள் இந்தச் சிறிய போரோடு நின்றுகொள்ளட்டும், பெரிய போரை மனித குலம் தாங்காது என்பது அந்நூலின் இறுதியில் அவர் சொல்லும் கருத்து. மறு ஆண்டே பெரிய போர் வந்தது. அவரே அதை ஆதரித்து எழுதவும் நேர்ந்தது.

அதற்குப் பிந்திய கதையைச் சுருக்கிவிடலாம். 1960களில் விளையாட்டுப் பொருள்களிலிருந்து ஈயம் விலக்கப்பட்டது. அதன் இடத்தைப் பிளாஸ்ரிக் பிடித்தது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்ரன் எழுதிய நூல் இதைப் பெரியவர்களின் பொழுதுபோக்காக நிலைநிறுத்தியது. 1975இல் இலண்டனில் தொடங்கப்பட்ட கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1983இல் வார்ஹாமர் என்ற கற்பனை உலகப் போரையும், 1987இல் நாற்பதாயிரமாம் ஆண்டுக்குப் பின் நடக்கும் விண்வெளிப் போரையும் வெளியிட்டது. எங்கள் பிள்ளைகளின் மேசையில் இப்போது இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

தொழில்நுட்பத்தில் எனக்குப் பெரிய வியப்பைத் தந்தது காந்தம். ஒரே சிப்பாய்க்கு இன்று ஈட்டி வேண்டும், நாளை சுடுகலன் வேண்டும். விதிகள் மாறும்போது ஆயுதமும் மாறவேண்டும். கையை ஒட்டிவிட்டால் மாற்ற முடியாது. ஆகவே தோளிலும் கையிலும் சிறிய கைத் துறப்பணத்தால் துளையிட்டு, உள்ளே இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள காந்த வில்லைகளைப் புதைக்கிறார்கள். கை தானாகத் தோளில் ஒட்டும், இழுத்தால் வரும். இதில் கவனிக்கவேண்டியது முனைவு. ஒரு வில்லையைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் கை தோளைக் கண்டதும் விலகி ஓடும். அதனால் அனுபவசாலிகள் காந்தங்களை ஒரே அடுக்காக வைத்து, மேற்புறத்தில் பேனாவால் புள்ளியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுகிறார்கள். சிப்பாயின் அடித்தட்டுக்குக் கீழும் ஒரு காந்தம் வைத்தால், இரும்புத் தகடு பதித்த பெட்டியில் படை முழுவதும் அசையாமல் பயணம் செய்யும்.

இவ்வளவு சிறிய வில்லையில் இவ்வளவு பலம் வந்தது 1980களின் தொடக்கத்தில். நியோடிமியம், இரும்பு, போரன் மூன்றும் சேர்ந்த காந்தத்தை ஜப்பானில் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இவ்வில்லைகளைப் பூட்டி வைக்கவேண்டும். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு ஊடாக ஒன்றையொன்று பற்றிக் குடலைத் துளைத்துவிடும். ஒட்டுவதற்குப் பயன்படும் சூப்பர் குளூவுக்கும் ஒரு போர்ப் பூர்வீகம் உண்டு. 1942இல் துப்பாக்கியின் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடிய அமெரிக்க ஆய்வுகூடத்தில் தற்செயலாகத் தட்டுப்பட்ட பொருள் அது. தொட்டதெல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல் பசையாக விற்பனைக்கு வந்தது.

காந்தம் என்றதும் என் தலைமுறையினருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மின்கலம், எரிபொருள், சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். அந்த டைனமோவின் வயிற்றுக்குள் சுழன்றது ஒரு காந்தம்தான். பழுதான ஒலிபெருக்கியை உடைத்துக் காந்தம் எடுத்து, மண்ணுக்குள் இரும்புத்தூள் பொறுக்குவது சிறுவர்களின் விளையாட்டு. பொம்மைச் சிப்பாய் எவரிடமும் இருக்கவில்லை. பனங்காய் வண்டில் இருந்தது. பூவரசந்தடியில் துவக்குச் செய்து 'ஆமியும் இயக்கமும்' ஆடினார்கள். யார் ஆமியாக நிற்பது என்பதில்தான் சண்டை வரும்.

அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலாலி ஓடுபாதையும் காங்கேசன்துறைத் துறைமுகமும் படைத்தரப்புக்கு இன்றியமையாதவை. அவற்றை எறிகணை எட்டாமல் காக்க எவ்வளவு தூரம் வெற்றிடமாக இருக்கவேண்டும் என்று எங்கோ ஒரு மேசையில் நிலப்படத்தை விரித்துக் கணக்கிட்டிருப்பார்கள். அந்தக் கணக்கின் பெயர் உயர் பாதுகாப்பு வலயம். 1816இல் அமெரிக்க மிஷன் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர், 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவிய ஊர், துர்க்கை அம்மன் கோயில் ஊர் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. எதிர்த்தரப்பிலும் மேசை இருந்தது. முகாம் ஒன்றைத் தாக்குமுன் அதன் மாதிரியை மணலில் அமைத்து, புலிகள் பலமுறை ஒத்திகை பார்த்தது பலர் எழுதிய செய்தி. 1995 ஜூலையில் படையினர் பலாலித் தளத்திலிருந்து தெற்கும் மேற்குமாக நகர்ந்த நடவடிக்கைக்கு 'முன்னேறிப் பாய்தல்' என்று பெயர். அதற்கான பதிலடிக்குப் 'புலிப்பாய்ச்சல்' என்று பெயர். பெயர்களைக் கேட்டால் இரண்டும் ஒரே பலகையில் ஆடப்பட்டவை போலவே இருக்கும். நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டு விழுந்தது அந்த நடவடிக்கையின் முதல் நாளான ஜூலை 9இல்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன் கனடாவிலிருந்து விடுமுறைக்குத் தெல்லிப்பழை வந்திருந்தான். வயது பதினாறு. ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியில் தன் படையையும், சில சிறிய பிளாஸ்ரிக் வீடுகளையும் கொண்டுவந்திருந்தான். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சிப்பாயும் விழவில்லை. அவனுடைய அப்பம்மா, அதாவது என் பெரியம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"உதென்ன தம்பி, கவிட்டாலும் விழாமல் நிக்குது?"

"காலுக்குக் கீழ காந்தம், அப்பம்மா."

ஒரு வீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கூரை பாதி இடிந்ததாக வார்க்கப்பட்டிருந்தது. சுவரில் குண்டு பட்ட துளைகள்கூட இருந்தன.

"உந்த வீட்டுச் சனம் எங்க?"

"அது சும்மா கட்டடம் அப்பம்மா. ஆமிக்காரர் ஒளிஞ்சு நிக்கிறதுக்கு."

பெரியம்மா வீட்டை இருந்த இடத்திலேயே வைத்தார். "எங்கட வீட்டையும் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம்" என்றார். குரலில் கோபம் இல்லை. குசினிக்குள் போய்விட்டார்.

1990இல் அவர் உடுத்த சேலையோடும் இரண்டு பிள்ளைகளோடும் வெளியேறியவர். மல்லாகத்தில் சில காலம், சுன்னாகத்தில் சில காலம். 2015இல் கட்டம் கட்டமாகக் காணிகளை விடுவிக்கத் தொடங்கியபோது போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் பற்றை. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. கிணற்றை வைத்துத்தான் காணியை அடையாளம் கண்டார்கள். பலருடைய கதையும் இதுதான். செம்மண்ணைத் தாண்டிச் சுண்ணக்கல்லை உடைத்துத் தோண்டிய கிணறுகள் என்பதால் அவை எளிதில் தூர்ந்துபோவதில்லை.

பொடியன் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. இரவு என்னிடம் வந்து, சனம் இருக்கிற போர் விளையாட்டு ஏதும் உண்டா என்று கேட்டான். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். 2014இல் போலந்து நாட்டவர்கள் உருவாக்கிய 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்ற கணினி விளையாட்டு. சரயேவோ முற்றுகையை மனத்திற்கொண்டு செய்தது. அதில் ஆடுபவர் சிப்பாய் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒளிந்திருக்கும் பொதுமக்கள். பகலில் துப்பாக்கி வீரனுக்குப் பயந்து வெளியே போக முடியாது. இரவில் உணவும் மருந்தும் விறகும் தேடிப் போகவேண்டும். 2017இல் அதன் மேசைப் பதிப்பும் வந்துவிட்டது. வெல்வது என்றால் போர் ஓயும்வரை உயிரோடு இருப்பது. இதைச் சொன்னபோது, "இது அப்பம்மாவின்ர கதைதானே சித்தப்பா" என்றான்.

போகுமுன் அவன் கேட்ட கடைசிக் கேள்வி துலாவைப் பற்றியது. தன் மேசையில் ஒரு கிணறும் துலாவும் வைக்கப் போகிறானாம். முப்பரிமாண அச்சில் செய்யலாமாம். அளவு வேண்டும் என்றான். 28 மில்லிமீற்றர்ச் சிப்பாய் உண்மை மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. ஆறு மீற்றர் நீளத் துலா என்றால் பத்துச் சென்ரிமீற்றர் வரும். பெரியம்மாவைக் கேட்டோம். "எங்கட துலா அதிலும் நீளம்" என்றார். எழுந்து முற்றத்துக்குப் போய், அடி வைத்து அளந்து காட்டினார். பொடியன் அளவுநாடாவோடு பின்னால் போனான்.